பதின்மூன்றாவது முயல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் பெரிய கடையின் ஷட்டர் ஏறும்போது வாசலில் எட்டு ஒன்பது பேர் நிற்பார்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். எல்லோரும் மீசை நரைக்கத் தொடங்கியவர்கள். எல்லோரும் போவது பொம்மைப் பகுதிக்கு. தெரிந்தவர் யாராவது எதிரே வந்துவிட்டால், "பையனுக்கு" என்பார்கள். அவர்களில் தராசு என்று ஓர் ஆள் உண்டு. கல்யாணமே ஆகாதவர். அவரும் "பையனுக்கு" என்றுதான் சொல்வார்.

புதுப் பெட்டியை அன்றைக்குத்தான் உடைப்பார்கள். பெட்டிக்கு முப்பத்தாறு பாக்கெட். பளபளக்கும் தாளில் நாலு பக்கமும் ஒட்டியிருக்கும். உள்ளே எந்தப் பொம்மை என்று பிரிக்கும்வரை விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. கல்யாணத்தை விட்டால் உலகத்தில் இப்படி நடக்கிற வியாபாரம் இது ஒன்றுதான்.

இந்த வருஷத்து வரிசை முயல்கள். கட்டைவிரல் உயரம். மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டும் வேலைக்குப் போகிறவை. ரொட்டி சுடும் முயல், முடி வெட்டும் முயல், தபால் முயல், குழாய் ரிப்பேர் முயல், மூட்டை தூக்கும் முயல், இப்படி. பதின்மூன்றாவதாக ஒன்று உண்டு. அட்டையில் அதன் படம் இருக்காது, ஒரு கறுப்பு நிழலும் கேள்விக்குறியும்தான். பெட்டிக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம். அந்த முயலுக்கு வேலை வெட்டி கிடையாது. காதுகளை வயிற்றின்மேல் மடித்துப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருக்கும். உழைக்கிற பன்னிரண்டையும் மொத்தமாக விற்றாலும் இந்தத் தூங்குமூஞ்சியின் விலையில் கால்வாசி வராது. சும்மா இருப்பதற்கு இவ்வளவு மரியாதையை வேறெங்கும் யாரும் கண்டதில்லை. வாங்கி விற்பவர்கள் அதை 'ஒளிஞ்சது' என்பார்கள். மற்றதெல்லாம் 'சாதா'.

முன்பெல்லாம் ஒளிஞ்சதைக் கண்டுபிடிக்க எடை போட்டார்கள். தராசு என்பவருக்கு அந்தப் பேர் வந்தது அப்படித்தான். தங்கம் நிறுக்கிற சின்னத் தராசைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வருவார். பொம்மைக் கம்பெனிக்காரன் விவரம் தெரிந்து, எல்லாப் பாக்கெட்டும் ஒரே எடை வரும்படி உள்ளே ஆளுக்கொரு அளவில் அட்டைத் துண்டைப் போட்டுவிட்டான். தராசுக்குப் பேர் மட்டும் மிஞ்சியது. அதற்கப்புறம் ஒரே வழி, தாளுக்கு மேலே தடவிப் பார்ப்பது. அதில் விரலை மிஞ்ச ஆள் கிடையாது.

விரல் என்பது அவருடைய பட்டப்பேர். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. இருபத்தாறு வருஷம் பேரிங் ஃபாக்டரியில் வேலை பார்த்தவர். எஃகுக் குண்டுகளை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்து ஒதுக்கும் வேலை. ஒருநாள் அந்த இடத்தில் ஒரு கேமராவைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கேமரா இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறது. லீவு கேட்பதில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதில்லை. இவருக்கு ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள்.

வீட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தபோது மச்சான் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து, "உள்ள என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்று விளையாட்டுக்குக் கேட்டான். அவர் சொன்னார். பிரித்தால் அதுவேதான். இன்னொன்று, இன்னொன்று. பத்துக்குப் பத்து. அதிலிருந்து நாலு வருஷமாக அந்த வீட்டில் அடுப்பு எரிவது அவருடைய பத்து விரல்நுனிகளை நம்பித்தான்.

கடையில் பெட்டி உடைத்ததும் மற்றவர்கள் விலகி நிற்பார்கள்.

"விரல் சார் மொதல்ல பாக்கட்டும்" என்பார் தராசு. "அவர் வேணாம்னு விட்டத நாம பொறுக்கிக்கலாம். கோயில் பிரசாதம் மாதிரி."

"கோயில்ல இவ்வளவு நேரம் தடவுனா தர்ம அடிதான் விழும்" என்பார் இன்னொருவர்.

விரல் சிரிக்கமாட்டார். கண்ணை லேசாக மூடிக்கொண்டு பாக்கெட்டைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடிப்பார். ஒரு பாக்கெட்டுக்குப் பத்து எண்ணும் நேரம். முப்பத்தாறையும் பார்த்து ஒரே ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடப் போய்விடுவார். கொஞ்சநாளாக அவர் கடையில் தடவுவதில்லை. முழுப் பெட்டியாக வாங்கிக்கொண்டு போகிறார்.

"என்ன சார், மொத்தத்தையும் அள்ளிட்டீங்க?"

"நின்னா இடுப்பு வலிக்குதுப்பா. வீட்ல நிதானமாப் பாத்துக்கலாம்னு."

தராசு அதை நம்பினார். இடுப்பு வலியை நம்பாத மனிதன் அந்த வயதில் கிடையாது.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறை. ஓர் அறையில் மனிதர்கள், ஓர் அறையில் முயல்கள். முயல்களின் அறையில்தான் நல்ல ஜன்னல். அங்கே நீள மேஜை ஒன்று, அதன்மேல் குமிழ்த்தாள் சுருள், டேப், கத்தரிக்கோல், உறைகளின் வாயை ஒட்டும் சூட்டு மெஷின். பேக்கிங் முழுக்க அவர் மனைவியின் பொறுப்பு. போட்டோ எடுப்பது, வாங்குகிறவர்களுக்குப் பதில் போடுவது, முகவரி எழுதுவது எல்லாம் அவள்தான். புருஷனுக்கு விரல் என்று பேர் விழுந்ததும் கட்டடத்தில் எல்லோரும் அவளை விரலம்மா ஆக்கிவிட்டார்கள். அவளுக்கு அதில் வருத்தமில்லை. மூக்கு என்று பேர் வைக்காமல் விட்டார்களே என்பாள்.

ஒளிஞ்சதைப் பிரித்து விற்றால் ஒரு விலை, பிரிக்காமல் விற்றால் அதைப்போல ஒன்றரைப் பங்கு. வாங்குகிறவர்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறதோ என்று படபடப்போடு தாளைக் கிழிக்கும் சுகம் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருக்கவும் வேண்டும். இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில்தான் விரல் குடும்பம் நடத்தினார். தடவிப் பார்த்து, மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். 'விரல் சொன்னது' என்று போட்டால் போதும், மறுபேச்சில்லாமல் வாங்குவார்கள். நாலு வருஷத்தில் ஒரு புள்ளிகூடப் பொய்யானதில்லை.

அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாளாக மழை விடவில்லை. துணிகள் காயாமல் வீடு முழுக்க ஈர வாடை. அப்படி ஒரு காலையில் மச்சான், அதாவது விரலம்மாவின் தம்பி, நனைந்துகொண்டு வந்தான். அவனுக்குக் கூரியர் வண்டி ஓட்டும் வேலை. பார்சல் எடுக்க வருகிறவன், அன்றைக்கு ஒன்றைக் கொடுக்க வந்திருந்தான்.

"இந்தாக்கா. இன்னொண்ணு திரும்பிடுச்சு."

"மெதுவாப் பேசுடா. குளிச்சிட்டிருக்காரு."

"உள்ள மூட்டை முயலாம். தூங்குறவனுக்குக் காசு வாங்கிட்டு மூட்டை தூக்குறவன அனுப்பிட்டீங்களேன்னு அந்தம்மா முழுநீளக் கடிதம் எழுதிருக்கு. இது எத்தனாவது?"

"பதினொண்ணு."

"பதினொண்ணா! அக்கா, இது மாமாவுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு?"

அவன் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தான். தெரிந்து என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை. தட்டில் இருந்த ரொட்டித் துண்டை எடுத்துக் கடித்தான்.

"நீ என்ன பண்ற, வேற ஆளுங்ககிட்ட நிஜ முயல வாங்கி வாங்கி அனுப்புற. தையல் மிஷின் எங்கன்னு கேட்டா இடத்த அடைக்குதுன்னு குடுத்துட்டேங்கற. மிஷின் போச்சு. அடுத்து என்ன, கட்டிலா?"

"கட்டில் வாங்க யாரு வரா? உன் மாமா ஒரு காலுக்கு செங்கல் வச்சிருக்காரு."

"சிரிக்காதக்கா."

"நான் எங்கடா சிரிச்சேன்?"

அவள் செய்துகொண்டிருந்தது இதுதான். தப்பு வந்தவர்களுக்கெல்லாம் நிஜமான தூங்கும் முயலை எங்கேயாவது வாங்கி அனுப்புவாள். கூடவே ஒரு சீட்டு: 'மன்னிக்கவும். பேக்கிங்கில் மாறிவிட்டது. தவறு என்னுடையது.' அவர்களும் பெருந்தன்மையோடு எழுதுவார்கள், 'விரல் சார் விரல் சார்தான், பேக்கிங் பார்ப்பவர்தான் கொஞ்சம் கவனமாக இருக்கவேண்டும்' என்று.

அதில் ஒன்றைப் போன வாரம் விரல் படித்துவிட்டார். கையில் போனோடு வந்து மேஜை முன்னால் நின்றார்.

"என்ன இது?"

"எது?"

"பேக்கிங் பாக்குறவங்களுக்குக் கவனம் பத்தலையாம். ஊரே படிக்குது. நான் உயிரக் குடுத்து ஒவ்வொண்ணா எடுத்துட்டு வர்றேன், நீ எதையோ எடுத்து எதுலயோ போடுற. கண்ணு எங்க இருந்துச்சு?"

"மாறிடுச்சுங்க."

"எப்படி மாறும்? புள்ளி வச்சுத்தானே தர்றேன்? புள்ளி வச்சது எது, வைக்காதது எதுன்னு ஒண்ணாங்கிளாஸ் புள்ள பாக்குமே. எங்க ஃபாக்டரில நீ இருந்திருந்தா மொத நாளே சீட்டு கிழிஞ்சிருக்கும்."

"ஆமா, கிழிஞ்சிருக்கும்."

அவள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தவில்லை. அரைமணி நேரம் திட்டினார். சத்தம் கீழ்வீடுவரை கேட்டது. கட்டின நாளிலிருந்து அவ்வளவு உரக்கப் பேசியதில்லை அந்த மனிதர். யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகப் பேசுகிற ஆள்.

மச்சான் வந்துபோன அன்று, வியாழக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் அடங்கி, தூறலாக இருந்தது. சாப்பாடு சோறும் அவித்த முட்டையும். சாப்பிட்டுவிட்டுத் தேநீர் கேட்டார். சர்க்கரை வேண்டாம் என்றார். நாலைந்து மாதமாகவே அப்படித்தான். சிக்கனம் என்று அவள் நினைத்தாள்.

வெட்டிய பாக்கெட் ஒன்று அவளிடம் இருந்தது. பன்னிரண்டாவது ஆளுக்கு அனுப்ப வேண்டிவரலாம் என்று முன்ஜாக்கிரதையாக வாங்கிவைத்த தூங்கும் முயலும் இருந்தது. அவர் கை கழுவப் போயிருந்தபோது அவள் அந்த முயலைப் பாக்கெட்டுக்குள் போட்டு, சூட்டு மெஷினில் ஓரத்தை ஒட்டி, செவ்வாய்க்கிழமை வாங்கிய முப்பத்தாறுக்கு நடுவில் சொருகிவைத்தாள்.

திருப்பி ஒட்டிய பாக்கெட்டை அவர் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். திருட்டுத்தனமாக மாற்றிவைத்த எத்தனையோ பாக்கெட்டுகளை, ஓரம் தடித்திருக்கிறது என்று வீசியெறிந்திருக்கிறார். இதையும் கண்டுபிடிப்பார், எந்த மடையன் ஒட்டினது என்று கேட்பார், நான்தான் அந்த மடையன் என்று அவள் சொல்வாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். பதினொன்றும் ஏதோ கெட்டகாலம் என்று ஆகிவிடும். அவளுடைய திட்டம் அவ்வளவுதான்.

அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"தபால்."

அவள் வாங்கிச் சாதாக் கூடையில் போட்டாள்.

"ரொட்டி."

"ம்."

"குழாய். இதுவும் குழாய். அடுத்தடுத்து ரெண்டு குழாய், பொழைச்ச மாதிரிதான்."

பத்தொன்பதாவதாக அவள் ஒட்டியது வந்தது. அவர் விரல்கள் ஓரத்தில் ஊர்ந்தன. தடித்த ஓரத்தின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயின. அவள் சிரிப்பதற்குத் தயாராக உதட்டைக் கூட்டினாள். விரல்கள் உள்ளே இறங்கி முயலைப் பிடித்தன. அழுத்தின. திருப்பின.

"மூட்டை" என்று நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இன்னொரு தடவ பாருங்களேன்."

"ஏன்?"

"சும்மா."

அவர் மறுபடி தடவினார். இந்தத் தடவை முப்பது எண்ணும் நேரம் ஆயிற்று.

"மூட்டைதாம்மா. முதுகுல முடிச்சு கூட நல்லாத் தெரியுது."

அவள் கத்தரிக்கோலை எடுத்து அவர் கையிலிருந்தபடியே பாக்கெட்டின் வாயை வெட்டினாள். தூங்கும் முயல் மேஜையில் விழுந்து, ஒருமுறை புரண்டு, மல்லாந்து தூங்கியது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு வெறும் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பார்த்தார். கண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்தது, கோணல்மாணலாக, சூட்டில் சுருங்கி.

"யாரு ஒட்டினா இத?"

"நான்தான்."

"எதுக்கு?"

"கண்டுபிடிச்சுத் திட்டுவீங்கன்னு."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"எத்தன திரும்பி வந்துச்சு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"பேக்கிங் தப்புன்னு எழுதினது..."

"ஆமா."

"நான் உன்னத் திட்டினேன்."

"திட்டினீங்க."

"ரொம்பத் திட்டினேன்."

"நல்லாத்தான் திட்டினீங்க. அதுல ஒரு குறையும் இல்ல."

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் மேஜையில் மல்லாத்தி வைத்தார், யாரோ சோதித்துப் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல.

"சர்க்கரை" என்றார். "ஏழு மாசம் ஆச்சு. மொதல்ல சுண்டுவிரல்ல மரத்த மாதிரி இருந்துச்சு. குளிருன்னு நினைச்சேன். டாக்டர்ட்ட போனேன். கண்ண மூடச் சொல்லிட்டு பஞ்சால தொட்டாரு, ஊசியால தொட்டாரு. இப்ப தெரியுதா, இப்ப தெரியுதான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியுது டாக்டர்னேன்."

"தெரிஞ்சுதா?"

"இல்ல. அவர் சட்டை சரசரக்கும்போதெல்லாம் தெரியுதுன்னு சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். சிரித்து முடித்தபோது அவள் கண் ஈரமாக இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டர்ட்ட போய்ப் பொய் சொல்லி யாரு ஜெயிச்சிருக்கா?"

"ஜெயிக்கணும்னு சொல்லல. அவர் இல்லன்னு எழுதிட்டா இல்லன்னு ஆயிடுமே."

"அப்ப இவ்வளவு நாளா எப்படி எடுத்தீங்க?"

"பெட்டில எந்த எடத்துல இருக்கும்னு ஒரு கணக்கு இருந்துச்சு. ரெண்டாவது வரிசை, ஓரத்துலேர்ந்து மூணாவது. கொஞ்சநாள் சரியா வந்துச்சு. அப்புறம் அவன் அடுக்குற முறைய மாத்திட்டான் போல."

"மாத்தினது தெரியாம நீங்க புள்ளி வச்சிட்டே இருந்தீங்க."

"என் புள்ளி மேல புகார் ஒண்ணும் வரலியே. சரியாத்தான் போகுதுன்னு நெனச்சேன்."

அவர் தப்பை அவரிடமிருந்தே மறைத்து, அவர் மேலும் மேலும் தப்புச் செய்வதற்கு அவள்தான் பாதை போட்டுக் கொடுத்திருந்தாள், தையல் மிஷினை விற்று. அது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முயல்களைக் கூடையில் அடுக்க ஆரம்பித்தார்கள்.

"ஃபாக்டரில போய்க் கேட்டா?" என்றாள்.

"எதுக்கு? அங்க இதே விரலத்தான் கேப்பாங்க."

"வாட்ச்மேன் வேல?"

"இருபத்தஞ்சு வயசுப் பையன்தான் வேணுமாம். முன்னாடியே கேட்டுட்டேன்."

முன்னாடியே கேட்டிருக்கிறார். அவள் அதையும் மனத்தில் வாங்கி ஓர் ஓரமாக வைத்தாள்.

பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க."

"என்னது?"

"தடவுறதுதான். எனக்குத்தான் சர்க்கரை இல்லியே. எப்படி இருக்கும்னு வாயால சொல்லுங்க, நான் கையால பாக்குறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த வேகத்தைப் பார்த்தால், ஃபாக்டரி மறுபடி திறந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். காலி உறைகள் இரண்டை எடுத்து, ஒன்றில் தூங்கும் முயலையும் இன்னொன்றில் மூட்டை முயலையும் போட்டு ஒட்டச் சொன்னார். இரண்டையும் கலைத்து அவள் கையில் கொடுத்தார்.

"கண்ண மூடு. அழுத்தாத, அழுத்தினா தாள்தான் தெரியும். மெதுவா உருட்டு. தூங்குறதுக்கு காது ரெண்டும் வயித்து மேல கிடக்கும். ரெண்டு வரப்பு மாதிரி. நடுவுல மயிரிழைக்கு ஒரு வாய்க்கா. அந்த வாய்க்காதான் விஷயம். மூட்டைல வாய்க்கா கிடையாது, ஒரே மேடு. மேட்டு உச்சில ஒரு முடிச்சு. தெரியுதா?"

"இருங்க."

"அவசரமே இல்ல."

"இது தூங்குறது."

அவர் பிரித்துப் பார்த்தார். "ஆமா!"

மறுபடி ஒட்டினார்கள். மறுபடி கலைத்தார். "இது மூட்டை" என்றாள். பிரித்தால் தூங்குவது. "இது தூங்குறது." மூட்டை. "தூங்குறது." தூங்குவது. மறுபடி மூட்டை, மறுபடி தப்பு. ஒரு கட்டத்தில் அவர் சரி, தப்பு என்று சொல்வதை நிறுத்திவிட்டு, ஒட்டித் தருவதோடு நின்றுகொண்டார். உறைகள் நசுங்கி, ஓரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் முயல் மட்டும் நுழையும் அளவுக்கு ஆகிவிட்டன. பாதிக்குப் பாதிதான் தேறியது. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டினாலும் அவ்வளவு தேறும்.

"வாய்க்கா தெரியலியா?"

"நீங்க சொல்லும்போது தெரியிற மாதிரி இருக்கு. இன்னொண்ண எடுத்தா அதுலயும் தெரியிற மாதிரி இருக்கு."

"எனக்கும் பழக ரொம்ப வருஷம் ஆச்சு."

"எத்தன வருஷம்?"

அவர் நசுங்கிய உறை ஒன்றை எடுத்து நீவிவிட்டார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஜன்னல் வழியாகச் சாரல் மேஜையில் தெறித்தது. யாரும் எழுந்து மூடவில்லை.

அவள் கடைசியாக ஒரு தடவை இரண்டு உறைகளையும் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் உருட்டினாள். அவர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்து இரண்டையும் மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தாங்க தெரியுது."

அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கும் அப்படித்தாம்மா" என்றார்.